புழுங்கல் அரிசியும் சிறுகுடலும்: கெடாத் தோட்டத் தமிழரைப் பற்றிய பிராடனின் வாசிப்பு

மலாயாவில் பெரிபெரி நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏதேனும் ஓர் இடத்தில் தமிழரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனர் ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி உண்டு கால் வீங்கி இறந்தனர்; தோட்டத்துத் தமிழர் இந்தியப் புழுங்கல் அரிசி உண்டு தப்பினர் என்பது அந்தச் சாட்சியம். இதை முதலில் விரிவாக வாதிட்டவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன். பெரிபெரியின் காரணமும் தடுப்பும் குறித்த அவருடைய பெருநூல் 1907இல் வெளிவந்தது. அவர் சொன்ன காரணம், அதாவது பழையதாகிப்போன வெள்ளையரிசியில் ஒரு நஞ்சு விளைகிறது என்பது, சில ஆண்டுகளிலேயே வலுவிழந்தது. ஆனால் அந்த நஞ்சைத் தாங்கி நின்ற சட்டகம் விழவில்லை. அரிசியைக் கொண்டு மக்களைப் பிரித்து, அந்தப் பிரிவைக் கொண்டே நோயை விளக்கும் முறை இன்றும் அப்படியே கையாளப்படுகிறது. கெடாத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்தச் சட்டகம் பாதிதான் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். அது சோற்றுப் பானையோடு நின்றுவிடுகிறது; உண்ட சோறு குடலுக்குள் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை.

பிராடனுக்கு உரிய மதிப்பைக் கொடுத்த பிறகே அவரோடு மாறுபட வேண்டும். ஒரே நாட்டில், ஒரே தட்பவெப்பத்தில் மூன்று வகை உண்போர் அருகருகே வாழ்ந்ததை அவர் கண்டார். மலாய்க் குடியானவர் அவ்வப்போது வீட்டில் குத்திய புது அரிசியை உண்டனர்; சீனர் ஆலையரிசியை உண்டனர்; தமிழர் புழுக்கிக் காயவைத்துத் தீட்டிய அரிசியை உண்டனர். நோய் நடுவில் உள்ளவரையே பிடித்தது. இந்தக் கவனிப்பு கூர்மையானது. படேவியாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் கண்டதற்கு இணையானது. கெடாவில் இம்மூன்றும் இன்னும் நெருக்கமாக அமைந்திருந்தன. வடக்கே கெடாச் சமவெளி முழுதும் நெல்வயல். தெற்கே கூலிம் பகுதியில் சீனரின் ஈயச் சுரங்கங்களும் மரவள்ளித் தோட்டங்களும். பின்னர் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரங்களில் தமிழர் பால்வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள். நெற்களஞ்சியம் என்று பேர்பெற்ற மாநிலத்தில் இருந்துகொண்டே தோட்டத் தமிழர் கடல் தாண்டி வந்த புழுங்கல் அரிசியை உண்டனர். ஆனால் பிராடன் எழுதியபோது கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909 ஒப்பந்தத்துக்குப் பிறகே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர் பெரிதும் நம்பிய மருத்துவமனைக் கணக்குகள் கூட்டு மலாய் மாநிலங்களுடையவை. அவருடைய முடிவைக் கெடாவுக்கு நீட்டுவது பின்வந்தவர்களின் செயல். அந்தப் பழியை அவர்மேல் ஏற்ற வேண்டியதில்லை.

பிராடனின் வாதத்தைச் சோதித்தவர்களுள் வில்லியம் ஃபிளெட்சரின் அறிக்கை தனியாக நிறுத்தி வாசிக்கத் தக்கது. கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் 1905 டிசம்பரில், உள்ளிருந்தோர் அனைவரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரைக் கிழக்குக் கட்டடத்துக்கும் இரட்டைப்படை எண்ணினரை மேற்குக் கட்டடத்துக்கும் அனுப்பினார். கட்டடங்கள் இரண்டும் ஒரே அமைப்பு. கறியும் மீனும் ஒரே அளவு. அரிசி மட்டும் வேறு. பச்சரிசி உண்ட பக்கத்தில் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பக்கத்தில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் நோயோடு உள்ளே வந்தவர்கள். 1907இல் வெளியான இந்த அறிக்கையை எல்லாரும் இந்த எண்களுக்காக எடுத்தாளுகிறார்கள். என் கவனம் அதன் முடிவுரையில் நிற்கிறது. பச்சரிசி நேராகவோ மறைமுகமாகவோ நோய்க்குக் காரணம் என்று கூறும் ஃபிளெட்சர், அதற்கு மேல் ஒரே விடை சொல்ல மறுக்கிறார். அரிசியில் நஞ்சு இருக்கலாம்; புரதம் குறைந்திருக்கலாம்; அல்லது ஊட்டம் போதாமல் உடல் தளர்ந்து வேறொரு நோய்க்கிருமிக்கு இடம் கொடுத்திருக்கலாம். மூன்றாவது வழியை அவர் திறந்து வைத்ததே முக்கியம். உண்டது மட்டும் போதாது, உண்டவரின் உடல்நிலையும் கணக்கில் வர வேண்டும் என்னும் எண்ணம் அங்கே இருக்கிறது. ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907இல் தொடங்கி ஜெலுபுவின் சாலைப் பணியிடத்தில் ஜாவானியத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு அந்த வாயிலை அடைத்தது. பச்சரிசி உண்டவருக்கு ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நின்றது. தீட்டும்போது போய்விடும் ஒரு பொருளின் குறைவே காரணம் என்று ஆனது. விடை சரிதான், ஆனால் உடலைப் பற்றிய கேள்வி அதோடு மறக்கப்பட்டது.

அந்தப் பொருள் தயமின் என்னும் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினின் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.06 மில்லிகிராம், புழுங்கலில் ஏறக்குறைய 0.2. நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று கொண்டால் முன்னது 0.3 மில்லிகிராமும் பின்னது 1 மில்லிகிராமும் தரும். கடும் உழைப்பாளிக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேலே தேவை. ஆக, புழுங்கல் அரிசி தோட்டத் தொழிலாளியைக் கரையோரம் வரைதான் கொண்டுவந்தது. அதிலும் அரிசியைக் களைந்து, வேகவைத்து, கஞ்சியை வடிக்கும்போது ஒரு பங்கு நீரில் கரைந்து போகும். வடித்த கஞ்சியைக் குடித்த வீட்டுக்கும் கொட்டிய வீட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்தத் தோட்டக் கணக்கிலும் ஏறாது. சோற்றின் மாவுப்பொருளை உமிழ்நீரும் கணைய நீரும் உடைக்கின்றன; சிறுகுடல் சுவரின் நொதிகள் அதைக் குளுகோஸாக்கி இரத்தத்தில் சேர்க்கின்றன. அந்தக் குளுகோஸை ஆற்றலாக மாற்றவோ தயமின் வேண்டும். சோறு கூடினால் தேவையும் கூடும். தயமின் குறைந்த அளவில் வரும்போது சிறுகுடலின் நடுப்பகுதியில் உள்ள கடத்திகள் அதைப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன. மது அந்தக் கடத்தலைத் தடுக்கிறது. தேநீரிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தயமினையே பயனற்றதாக்குகின்றன. கள்ளுக்கடையும் வெற்றிலைப் பையும் இல்லாத தோட்டம் ஏது? 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. இத்தனை கழிவுகளுக்குப் பிறகும் தமிழரிடம் பெரிபெரி அரிதாகவே காணப்பட்டது என்றால், மீதியை அரிசி அல்லாத ஏதோ ஒன்று ஈடுகட்டியிருக்க வேண்டும். பருப்பே அது என்பது என் துணிபு. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் தயமின் உண்டு. சாம்பாராகும்போது அதன் நீர் கொட்டப்படுவதும் இல்லை. பிராடனின் சட்டகத்தில் பருப்புக்கு இடமே இல்லை.

ஃபிளெட்சரின் காப்பகத்தில் பருப்பு முதலான பிற உணவுகள் இருபக்கமும் ஒன்றாகத்தானே இருந்தன, அரிசிதானே வேறுபட்டது என்று மறுக்கலாம். உண்மை. ஆனால் அந்தச் சோதனை காட்டுவது, மற்ற உணவு ஒன்றாக இருக்கும்போது அரிசி தீர்மானிக்கும் என்பதைத்தான். தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே மற்ற உணவும் ஒன்றாக இல்லை. காப்பகத்தின் சுவருக்குள் சரியான முடிவைச் சுவருக்கு வெளியே அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

என் வாதத்தின் இரண்டாம் பகுதிக்கு ஆதாரம் மெலிந்தது. ஆகவே சற்று அடக்கியே சொல்கிறேன். தோட்டத் தமிழரைப் பெரிதும் வாட்டிய குடல் நோய் கொக்கிப்புழு. வெறுங்காலின் தோல் வழியே புகுந்து, நுரையீரல் வழியாகச் சிறுகுடலை அடைந்து, அதன் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழு இது. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய டார்லிங், பார்பர், ஹாக்கர் குழு 1915 முதல் 1917 வரை மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் ஆராய்ந்து, மருந்து கொடுத்து வெளிவந்த புழுக்களை எண்ணியே தொற்றின் சுமையை அளந்தது. புழு மிகுந்தால் இரும்புச்சத்தும் புரதமும் இழந்து, முகம் வெளிறி, கால் வீங்கி, இதயம் தளர்ந்து மனிதன் சாய்கிறான். பெரிபெரியின் ஈரவகையிலும் கால் வீங்கி இதயம்தான் தளர்கிறது. தமிழருக்குப் பெரிபெரி வராது என்று நூல் சொல்லிவிட்ட பிறகு, வீங்கிய காலோடு வந்த தமிழருக்குச் சோகை என்றும், அதே காலோடு வந்த சீனருக்குப் பெரிபெரி என்றும் எழுதும் சாய்வு தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸருக்கு வந்திருக்கக் கூடாதா? முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்தால் பிரித்தறியலாமே என்பது நேர்மையான மறுப்பு. வெளிறிய இமையும் ஒரு குறிதான். ஆனால் இரண்டு நோயும் ஓர் உடலில் சேர்ந்திருக்கத் தடையில்லை. சேர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வெளிறலே பதிவில் ஏறும். கொக்கிப்புழு தயமின் உறிஞ்சலைக் கெடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. அது செய்வது முதன்மையாக இரத்த இழப்பு. குடலுக்குள் கசிந்த இரத்தத்தின் இரும்பில் ஒரு பங்கைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. நான் சொல்வது பதிவைப் பற்றி: தமிழரின் பெரிபெரி எண் குறைவு என்பதில் ஒரு பங்கு உணவின் சாதனை, ஒரு பங்கு நோய்க்கணிப்பின் சாய்வு. எது எவ்வளவு என்று பிரிக்க, மலமும் அனிச்சையும் ஒரே நோயாளியிடம் சோதிக்கப்பட்ட பதிவுகள் வேண்டும்.

ஜப்பானியர் காலம் பிராடனுக்குச் சாதகமான சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பர்மா அரிசி வரவு நின்றது. தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கில் காலம் தள்ளினர். 1943 அக்டோபரில் கெடா மீண்டும் சயாமுக்குக் கொடுக்கப்பட்டது. வீக்கமும் ஆறாப் புண்ணும் பெருகின. புழுங்கல் அரிசி போனதும் நோய் வந்தது என்று இதைப் படிக்கலாம். ஆனால் அரிசி நின்றபோதே இந்தியாவிலிருந்து வந்த பருப்பும் நின்றது. மரவள்ளி மாவுப்பொருளை நிறையத் தந்து தயமினை மிகக் குறைவாகத் தருவது. தேவையைக் கூட்டி வரவைக் குறைத்தது. புரதமும் இல்லாத நிலையில் வந்த வீக்கத்தில் பெரிபெரி எது, பட்டினி வீக்கம் எது, கொக்கிப்புழுச் சோகை எது என்பது அந்த ஆண்டுகளைக் கொண்டு தீராது. அரிசியும் பருப்பும் ஒரே காலத்தில் மறைந்ததால், இரண்டில் எது காத்தது என்னும் கேள்விக்கு 1942 முதல் 1945 வரையான கெடா அனுபவம் இருபக்கமும் சாட்சி சொல்லவல்லது. ஆகவே பழைய பதிவுகளுக்கே திரும்ப வேண்டும்: 1920க்கு முந்தைய தோட்ட மரணங்களில் சோகை என்றும் வீக்கம் என்றும் பதிவானவற்றை, அவை எந்த நோய் என்று முடிவு கட்டாமல், தனிக் கணக்காக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு முறை.