பேயாகாத ராஜா

செத்தவர் எப்படிப் பேயாகிறார் என்பதற்கு வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு கணக்கு இருந்தது. படுக்கையில் கிடந்து, பேரப்பிள்ளை கையால் பால் வாங்கிக் குடித்துக் கண்ணை மூடியவர் பேயாவதில்லை. வெட்டுப்பட்டுச் செத்தவர் ஆவார். உடம்பு எரியாமலும் மண்ணுக்குள் போகாமலும் கிடந்தால் கட்டாயம் ஆவார். கொள்ளி வைக்கப் பிள்ளையும் இல்லையென்றால் சொல்லவே வேண்டாம், ஊர்க்கோடிப் புளியமரம் அவருக்குத்தான். இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு அமைவது அபூர்வம். 14-ஆம் நூற்றாண்டில் அமைந்தது, அதுவும் ஒரு மகாராஜாவுக்கு.

அகாலத்தில் போனவர்களின் கோபம் தணிய அந்தச் சீமையில் கல் நட்டுக் கும்பிட்டார்கள். திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் பகுதியில் பல்லவர் காலத்திலிருந்தே நடுகற்கள் நின்றன. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தேடிப் படியெடுத்தது. எடுத்தனூர்க் கல்லில், மாண்டுபோன வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காக அதற்கும் அந்த மரியாதை. நாய்க்கே கல் நட்ட நாட்டில் அந்த மகாராஜாவுக்குக் கிடைத்தது கல் அல்ல, வேறொன்று.

அவர் போசள அரசர் மூன்றாம் வீர வல்லாளர். இன்று ஹளேபீடு என்று சொல்லப்படும் துவாரசமுத்திரத்தில், 1290-களின் தொடக்கத்தில் பட்டத்துக்கு வந்தார். அப்போது திருவண்ணாமலை அவருக்கு எங்கோ கிழக்கே இருந்த ஒரு கோயில் ஊர். 1311-ல் மதுரையில் பாண்டிய சகோதரர்கள் இருவர் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கலாம் என்று வல்லாளர் படையோடு தெற்கே கிளம்பினார். அந்த நேரம் பார்த்து, டெல்லியிலிருந்து மாலிக் கபூரின் குதிரைப்படை ஆளில்லாத துவாரசமுத்திரத்தின் வாசலில் வந்து நின்றது.

வல்லாளர் விழுந்தடித்துக்கொண்டு திரும்பினார். சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் யானை, குதிரை, பொன் எல்லாம் கொடுத்துப் பணிந்தார். அதோடு விடவில்லை. பாண்டிய நாட்டுக்கு மாலிக் கபூருக்கு வழி காட்டும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. போதாதென்று, மகன் விருபாட்சனை டெல்லிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போன பிள்ளை திரும்புமா என்று அரண்மனை கலங்கிக் கிடந்தது. 1313-ல் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்தான். ஆனால் இந்த மகன் பிற்பாடு இன்னொரு முறை தொலைந்துபோனான். அந்த முறை அவனைத் தொலைத்தது டெல்லி அல்ல.

பதினைந்து வருடம் கூட நிம்மதியாகப் போகவில்லை. 1327 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை வந்தது, துவாரசமுத்திரம் மறுபடி நாசமானது. இன்னொரு அரசராக இருந்தால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். அறுபதைத் தாண்டிய வல்லாளர் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார். அண்ணாமலையார் மலையடிவாரம் அவருடைய புதிய தலைநகரானது. அவருடைய கன்னடக் கல்வெட்டுகளில் அந்த ஊர் உண்ணாமலை. மேற்கேயிருந்து வந்த அகதி ராஜாவை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்குக் கோயிலிலேயே ஒரு கதை உண்டு.

கிழக்கு வாசலில் வல்லாளர் ஒரு கோபுரம் எழுப்பினார். இன்றைய 217 அடி ராஜகோபுரத்துக்கு உள்ளே, கிளி கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் வல்லாள கோபுரம் அதுதான். கட்டி முடித்ததும் மகாராஜாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டதாம். திருவிழா வந்தது. சாமி மற்ற வாசல் வழியாகப் புறப்பட்டாரே தவிர, இந்தக் கோபுரத்து வழியாக வர மாட்டேன் என்று அடம்பிடித்தார். நாள்கள் ஓடின. என்ன குற்றம் என்று யோசித்து, தன் கர்வம்தான் குற்றம் என்று உணர்ந்து மகாராஜா அழுத பிறகு, பத்தாம் நாள் அந்த வாசல் வழியே சாமி வந்தார். கோபித்துக்கொள்வதும் சமாதானமாவதும் சொந்தக்காரர்களுக்குள்தான் நடக்கும். அப்போதே உறவு ஆரம்பித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். என்ன உறவு என்பது பின்னால் தெரிந்தது.

இதற்கிடையில் மதுரையில், டெல்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் ஷா 1335-ஐ ஒட்டித் தன்னையே சுல்தானாக அறிவித்துக்கொண்டார். அவர் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். கடைசியில் கியாசுதீன் தம்கானி என்பவர் வந்து உட்கார்ந்தார். வல்லாளருக்கு அப்போது எண்பது வயது. அந்த வயதில் அவர் பெரும்படை திரட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய், சமயபுரத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார்.

அங்கே நடந்ததை எழுதி வைத்தவர் மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா. அவர் பேச்சை அத்தனை சுலபமாகத் தள்ள முடியாது. அவருடைய மனைவியும் கியாசுதீனின் மனைவியும் ஜலாலுதீனின் மகள்கள். சுல்தான் அவருக்குச் சகலை. வல்லாளர் படையில் லட்சத்துக்கு மேல் ஆள்கள், அதில் இருபதாயிரம் பேர் முஸ்லிம்கள் என்கிறார் அவர். எதிரே சுல்தானிடம் இருந்தது ஆறாயிரம் பேர், அதிலும் பாதி உதவாதவர்கள். கோட்டைக்குள் இருந்தவர்களிடம் பதினாலு நாளுக்கான சாப்பாடுதான் மிச்சம். வல்லாளருக்கு வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். கோட்டையை ஒப்படைத்துவிட்டு உயிரோடு போகலாம் என்றார். எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். சரி, பதினாலு நாள் தவணை என்றார் வல்லாளர். கடிதம் மதுரைக்குப் போய், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள், செத்தாலும் சரி என்று கிளம்பினார்கள். முற்றுகைப் பாசறையில் தவணைதானே என்று குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள். உச்சி வெயில், உண்ட மயக்கம். தூரத்தில் புழுதி கிளம்பியபோது யாரோ திருட்டுக் கும்பல் என்று நினைத்தார்கள்.

வந்தது கியாசுதீன். படை சிதறியது. குதிரையேற முயன்ற கிழவர் ஒருவரைச் சுல்தானின் சகோதரர் மகன் நாசிருதீன் மறித்து வெட்டப் போனான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த அடிமை ஒருவன், அவர்தான் ராஜா என்று கத்தினான். வெட்டு நின்றது. அன்றைக்கே போயிருந்தால் அது போர்க்களத்தில் வீர மரணம். நாலோடு ஐந்தாக ஒரு நடுகல்லோடு கதை முடிந்திருக்கும். தப்பியதுதான் கேடு.

சுல்தான் முதலில் மரியாதையாகவே நடத்தினார். விடுதலை செய்கிறேன் என்று ஆசை காட்டி, இருந்த செல்வம், யானை, குதிரை எல்லாவற்றையும் கறந்தார். கறக்க ஒன்றும் இல்லை என்றானதும் கொன்றார். தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார். அது 1342. சில காலம் கழித்து அந்தப் பக்கம் போன இபின் பதூதா, அது அங்கே தொங்குவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

பேய்க் கணக்கில் இரண்டு அங்கேயே தீர்ந்தன. கொடூரச் சாவு. எரிக்க உடம்பு இல்லை, இருந்த தோலும் வயற்காட்டுப் பொம்மை மாதிரி மதிலில். பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிப்பதைப் பாடாமல் பரணி முடியாது என்று வைத்திருந்த ஜனங்கள் நாம். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எந்தக் கதைசொல்லிக்கும் தெரியும். அது நடக்கவும் செய்தது. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. இபின் பதூதா ஓர் அடிமைப் பெண்ணை, நோயில்லை என்ற உத்தரவாதத்தோடு வாங்கினார். மறுநாளே அவள் செத்துப்போனாள். நோய் அரண்மனைக்குள்ளும் புகுந்தது. கொஞ்ச நாளில் கியாசுதீனும் போய்ச் சேர்ந்தார்.

ராஜா பேயாக வந்து பழி வாங்கிவிட்டார் என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. அதே மதுரையில், பின்னாளில் திருமலை நாயக்கர் காலத்துக் கதையாகச் சொல்லப்படுவது அப்படித்தான் போனது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் ஊரை ஆட்டிவைத்து, மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் இடம் வாங்கிக்கொண்ட பிறகே அடங்கினான். வல்லாளருக்கோ காவல் தெய்வப் பட்டம் கிடைக்கவில்லை, படையல் இல்லை, சாமியாட்டம் இல்லை. திருவண்ணாமலைக்காரர்கள் வேறொரு கதையைக் கையில் எடுத்தார்கள். அந்தக் கதையின் முதல் வரியே பொய்யாக இருந்தது.

வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. கதை இப்படித்தான் தொடங்கியது. டெல்லிக்குப் போய் மீண்ட விருபாட்சன், அப்பா இறந்த பிறகு 1343-ல் நான்காம் வல்லாளனாக முடிசூடியதற்கு ஆதாரம் உண்டு. சில ஆண்டுகளில் அவன் சுவடே இல்லாமல் போனான். விஜயநகரம் தலையெடுத்தது, போசளர் பெயர் மங்கியது. ஊர் அவனை மறந்தது என்பதைவிட, கதைக்கு இடைஞ்சல் என்று தள்ளிவைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை இருந்தும் கொள்ளி இல்லாமல் போன அப்பாவைவிட, பிள்ளையே இல்லாத அப்பாவுக்கு வழி செய்வது சுலபம்.

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்திலும் இடம்பிடித்த அந்தக் கதை இது. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் விரதம் பூண்டிருந்தார் மகாராஜா. ஒருநாள் இளம் சிவனடியார் ஒருவர் வந்து, இன்றிரவு எனக்கு ஒரு பெண் துணை வேண்டும் என்றார். கணிகையர் தெருவுக்கு ஆள் போனது. அங்கே எல்லா வீட்டிலும் முன்கூட்டியே விருந்தாளிகள்! அவர்கள் அடியாரின் கூட்டாளிகள், அதாவது சிவகணங்கள். விரதம் உடையப் போகிறதே என்று ராஜா தவித்தபோது, இளைய ராணி சல்லமா தேவி தானே போகிறேன் என்று எழுந்தாள். அறைக்குள் அடியார் கண்மூடிக் கிடந்தார். பேசிப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், அசைவில்லை. கடைசியில் தொட்டாள். தொட்ட இடத்தில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

ஓடி வந்த ராஜா குழந்தையை வாரி எடுத்தார். கொஞ்சி முடிப்பதற்குள் கை வெறுமையானது. வந்து போனது அண்ணாமலையாரே. உமக்கு நானே பிள்ளை, உம் காலத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதை நானே செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். இந்தக் கதை தெருக்கூத்தாகவும் ஆனது. பேயாவதற்கான மூன்றாவது தகுதி அங்கே அடிபட்டுப் போனது. கொள்ளிக்குப் பிள்ளை கிடைத்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தவர் கல்லிலும் ஐம்பொன்னிலும் இருப்பவர். அவர் எப்படிப் போய்க் காரியம் செய்வார்?

ஊர் அதற்கு ஏற்பாடு செய்தது. தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்தில் அண்ணாமலையாருக்குத் தீர்த்தவாரி. மேளதாளம், கூட்டம், எல்லாக் கோயிலிலும் பார்க்கிற காட்சி. நீராடித் திரும்பும் சாமியிடம், வல்லாள மகாராஜா போரில் மாண்டார் என்ற செய்தி சொல்லப்படுகிறது. உடனே நாயனமும் தவிலும் நிற்கின்றன. இழவுச் செய்தி கேட்ட பிள்ளையாக, சத்தமில்லாமல் சாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக் கிராமத்துக்குப் புறப்பட்டுப் போய், கௌதம நதிக்கரையில் தகப்பனாருக்குத் திதி கொடுக்கிறார். பத்திரிகையில் 'மாசி மகத் தீர்த்தவாரி' என்று நாலு வரியில் வரும் செய்தியின் தொடக்கம் மதுரை மதிலில் தொங்கிய அந்தத் தோல்தான்.

வருடா வருடம் தவறாமல் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் பிள்ளை இருக்கும்போது எந்த ஆவிக்கும் புளியமரம் தேவைப்படாது. அதனால்தானோ என்னவோ, சித்தர்கள் காற்றாக உலவுகிறார்கள், கிரிவலப் பாதையில் அவர்களுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் பேசும் ஊரில், வல்லாளர் பெயராகவும் கோபுரமாகவும் இருக்கிறாரே ஒழிய, பேயாக இல்லை.

திதி முடிந்ததும் இன்னொரு காரியம் பாக்கி. அப்பா போனால் ராஜ்யம் பிள்ளைக்கு. அதனால் காரியம் செய்துவிட்டு வந்த அண்ணாமலையாருக்குக் கோயிலில் முடிசூட்டு நடக்கிறது. போசள வம்சம் போய் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டாலும், திருவண்ணாமலைக் கணக்கில் வல்லாளர் நாட்டுக்கு இன்றும் வாரிசு உண்டு.