பளபளப்பிலிருந்து சான்றுக்கு: கார்வெட் கார்களின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றில் ஆலைப் பூச்சை மீட்கும் மரபின் வளர்ச்சி

பழைய கார்களைப் புதுப்பிப்போர் உடற்பகுதியின் நிறத்தில் தொடக்கம் முதலே அக்கறை காட்டினர். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஆலையிலிருந்து எந்தப் பூச்சுடன் வெளிவந்தன என்பதை நுணுகிப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் 1970களில்தான் வலுப்பெற்றது. செவ்ரலே 1953இல் அறிமுகப்படுத்திய கார்வெட்டை முன்வைத்து அந்த வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் உறுப்பின் மேல் உள்ள பூச்சு, அதன் நிறத்தோடு, ஆலையில் எந்த வேலை முன்பு நடந்தது, எது பின்பு நடந்தது என்பதையும் பதிவு செய்திருக்கிறது. ஆகவே சரியான மீட்பு என்பது அந்த வேலை வரிசையை மீட்பதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆலையில் நடந்தது

மோட்டார் தொழிலின் தொடக்கத்தில் பூச்சு உலர்வதற்கே நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ட்யூபான்ட் நிறுவனத்தின் ட்யூகோ லாக்கர் 1923இல் வந்து, 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறமாக இடம்பெற்றபோது அந்தத் தாமதம் நீங்கியது. இந்த முன்னேற்றம் உடற்பகுதிக்கானது. அடியில் மறைந்திருந்த உலோக உறுப்புகளுக்கு வேறொரு வரலாறு உண்டு. பாஸ்பேட் கரைசலில் இரும்பை ஊறவைத்துத் துருவைத் தடுக்கும் முறையை, 1915இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய பார்க்கர் ரஸ்ட் ப்ரூஃப் நிறுவனம் தொழில்துறைக்குப் பரப்பியது. எஞ்சின் பெயின்ட்டின் வேலையும் அதுபோன்றதே. வார்ப்பிரும்பு துருப்பிடிக்காமல் காப்பதும், எந்தப் பிரிவின் எஞ்சின் என்று அடையாளம் காட்டுவதும் அதன் நோக்கம். செவ்ரலே 1955இல் கொண்டுவந்த வி8 எஞ்சின் ஆரஞ்சு நிறம் ஏற்றது. 1977 மாடலில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் பொது நீலம் வரும்வரை அந்த ஆரஞ்சே செவ்ரலே வி8இன் முகமாக இருந்தது.

1960களின் கார்வெட் ஒரே கூரையின் கீழ் உருவானதன்று. சிறிய வி8 எஞ்சின் மிஷிகனின் ஃப்ளின்ட் ஆலையிலும், 1965 முதல் வந்த பெரிய வி8 நியூயார்க்கின் டோனவாண்டா ஆலையிலும் தயாராகி, பெயின்ட் அடிக்கப்பட்ட பிறகே மிசூரியின் செயின்ட் லூயிஸ் ஆலைக்கு வந்தன. 1963 முதல் பொருத்தப்பட்ட மன்சி நான்கு வேக கியர்பாக்ஸின் அலுமினியக் கூடு பூச்சின்றியே இருந்தது. அதே ஆண்டு ஸ்டிங் ரே மாடலுடன் வந்த பின் அச்சு அமைப்பில், சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டுகள் வெறும் எஃகாகவே விடப்பட்டன. உறுப்புகளைப் பிரித்தறிய இட்ட பெயின்ட் தீற்றல்களும் கோடுகளும் மட்டும் அவற்றின் மேல் இருந்தன.

எஞ்சினைப் பெரும்பாலும் பூட்டி முடித்த பிறகே ஸ்ப்ரே செய்தார்கள். அதனால் போல்ட் தலைகளிலும் கேஸ்கெட் ஓரங்களிலும் அதே ஆரஞ்சு படிந்தது. அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டின் விளிம்புகளிலும் அது தெறித்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்த பெயின்ட், வண்டி ஓடத் தொடங்கியதும் வெப்பத்தில் எரிந்து போனது. பெயின்ட்டுக்குப் பிறகு பூட்டிய உறுப்புகள் ஆரஞ்சு படாமல் தனித்து நின்றன.

பளபளப்பின் காலம்

அமெரிக்கப் பழைய கார் சங்கம் 1935இல் தோன்றியது. பெபிள் பீச் அழகுப் போட்டி 1950இல் தொடங்கியது. இத்தகைய மேடைகளில் நெடுங்காலம் பரிசு பெற்றது குறையற்ற தோற்றம். எஞ்சினை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே பூசி, வார்ப்பின் சொரசொரப்பை நிரப்பித் தேய்த்து, போல்ட்டுகளுக்குக் குரோம் ஏற்றும் பழக்கம் வளர்ந்தது. ஆலை ஒருபோதும் தராத மெருகு அது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நேர்ந்தது. மணல் வீச்சிலும் அமிலக் குளியலிலும் பழைய பூச்சோடு அதில் இருந்த தகவலும் அழிந்தது.

அளவுகோல் மாறியது

இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் 1973இல் தொடங்கிய கார்வெட் கூடுகையும், 1974இல் அமைந்த தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கமும் அளவுகோலை மாற்றின. ஆலையிலிருந்து முடிந்து வந்து, விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த நாளில் கார் எப்படி இருந்ததோ அதுவே தரம் என்று சங்கம் வகுத்தது. அசல் தன்மைக்கும் நிலைமைக்கும் தனித்தனியே புள்ளிகள் வழங்கப்பட்டன. 94 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவை முதல் தகுதி அடைந்தன. ஆலையைவிட அதிகமான மெருகும் இப்போது குறையாக எண்ணப்பட்டது.

இந்த மாற்றத்துக்குப் புதிய சான்றுகள் தேவைப்பட்டன. ஆலையின் பூட்டுதல் கையேடு எந்த உறுப்பு எங்கே பொருந்தும் என்று காட்டும். பெயின்ட் எதுவரை தெறித்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. ஆகவே குறைவாக ஓடி, கைபடாமல் எஞ்சிய கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே வழியாயிற்று. ஆர்வலர்கள் பல்லாண்டு கூடித் திரட்டிய இந்த அறிவு, மாடல் ஆண்டு வாரியான மதிப்பீட்டுக் கையேடுகளாக வளர்ந்தது. ஆலைத் தொழிலாளரின் அன்றாட வேலையை இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்த முயற்சி மதிப்புக்குரியது.

மீட்கும் முறை

இன்றைய நல்ல மீட்பு, பூச்சை நீக்குவதற்கு முன்பே தொடங்குகிறது. படிந்த கிரீஸை மென்மையாகக் கரைத்தால் அதனடியில் பெயின்ட் குறிகளும் சாக்பீஸ் குறிகளும் கிடைப்பதுண்டு. கிரீஸே அவற்றைக் காத்திருக்கும். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் ஆரஞ்சு மாறிவிடுவதால், தாங்கிகளுக்கு அடியில் மறைந்த பகுதியோடுதான் நிறத்தை ஒப்பிட வேண்டும். பிறகு ஆலையின் வரிசைப்படியே எஞ்சினைப் பூட்டி, ஆலை மறைத்த இடங்களை மட்டும் மறைத்து, ஒரே மூச்சில் ஸ்ப்ரே செய்ய வேண்டும்.

வெறும் எஃகு கடினமான சிக்கலைத் தருகிறது. பூச்சின்றி விடுவதே சரி, விட்டால் துருப்பிடிக்கும். எண்ணெயோ மெழுகோ தடவிப் பேணுவது உண்மைக்கு மிக அருகில் நிற்கும் வழி. நிறமற்ற லாக்கர் அடுத்த தெரிவு. பாஸ்பேட் பெற்ற உறுப்புகளுக்கு மாங்கனீசு கலந்த குளியல் கருமையையும், துத்தநாகம் கலந்தது சாம்பல் நிறத்தையும் தரும். காட்மியம் முலாம் பெற்ற உறுப்புகளுக்கு, அம்முலாம் நச்சுத்தன்மை உடையதால், பலர் துத்தநாக முலாமை நாடுகின்றனர்.

முடிவுரை

சான்றின் மதிப்பு உணரப்பட்டதும் மீட்கப்படாத கார்களுக்கும் மதிப்பு கூடியது. 1990இல் புளூமிங்டன் கூடுகை, அத்தகைய கார்களுக்கெனத் தனிச் சான்றிதழ் அளித்தது. பெபிள் பீச்சில் 2001இல் அவற்றுக்கான பாதுகாப்புப் பிரிவு தோன்றியது. உலகப் பழமை வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் கொள்கைகளை வாகனங்களுக்கு விரித்தது. 2024இல் பெபிள் பீச்சின் தலைமைப் பரிசை மீட்கப்படாத 1934 புகாட்டி டைப் 59 வென்றது. பாதுகாப்புப் பிரிவு கார் அப்பரிசைப் பெறுவது அதுவே முதல் முறை.

இவ்வரலாறு மீட்பாளருக்குத் தெளிவான கடமையை வகுக்கிறது. தெறித்த பெயின்ட்டை இன்று எவ்வளவு நுட்பமாகப் போலச் செய்தாலும் அது ஆலை வழக்கத்தின் மாதிரி மட்டுமே. குறிப்பிட்ட ஒரு காரின் மேல் ஒரு தொழிலாளி விட்டுச்சென்ற தடம் ஆகாது. எனவே ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும் முன் படமெடுத்து அளந்து பதிவு செய்ய வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை நீக்கக் கூடாது. புதிதாகப் பூச நேர்ந்தாலும், கண்ணில் படாத ஓரிடத்தில் பழையதைச் சிறிதளவேனும் விட்டுவைத்து, அந்த இடத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அடுத்த தலைமுறை ஆய்வாளர் நம் முடிவுகளைச் சரிபார்க்கவும் திருத்தவும் அந்தச் சிறு பகுதியே துணை.