வேலை முடிந்தபின் கற்ற தொழில்

டண்டீயில் கேம் தயாரிப்பு எப்படி வேரூன்றியது என்று கேட்டால், இந்த ஊர்க்காரர்கள் சணலிலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள். அவர்கள் அப்படி ஆரம்பிப்பது சரிதான் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் இது. வங்காளத்துச் சணலை இயந்திரத்தில் நூற்கும் வித்தை 1830களில் இங்கே கைகூடியது. அந்த முரட்டு நாரை அப்படியே ஓட்டினால் அறுந்துபோகும். இந்தத் துறைமுகத்திலிருந்து திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்கள் கொண்டுவந்த எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துத் தெளித்து நாரை இளக்கினார்கள். ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். 1855இல் ஹூக்ளிக் கரையில், ரிஷ்ராவில், இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தபோது இயந்திரங்கள் டண்டீயிலிருந்து போயின. பின்னாலேயே மேஸ்திரிகளும் மேலாளர்களும் போனார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கல்கத்தா டண்டீயை முந்திவிட்டது. சின்ன வயதில் எங்கள் ஊர் அரிசி மண்டியில் நான் ஏறி விளையாடிய சாக்குகளின் பூர்வீகத்தை இந்த ஊருக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

சணல் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, டைமெக்ஸ் கடிகாரக் கம்பெனி இங்கே ஆலை திறந்தது. உச்சத்தில் ஏழாயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள். அங்கேயும் பெண்களின் கைகள்தான். நுணுக்கமாகப் பொருத்திப் பழகிய அந்தக் கைகளிடம் 1980களின் தொடக்கத்தில் வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. கிளைவ் சின்க்ளேரின் கம்ப்யூட்டர்களை டைமெக்ஸ் ஒப்பந்தத்துக்குத் தயாரித்துக் கொடுத்தது. முதலில் இசட்எக்ஸ்81. 1982 ஏப்ரலில் ரப்பர் விசைகள் வைத்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 16கே நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48கே உள்ளது 175 பவுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து, கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி ஓட்டவேண்டும். லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன அந்தப் பெட்டி டண்டீக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பண்டம். ஆலையிலிருந்து அது பைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்த கதைகளை வயதானவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கதை பாதி மெய்யாக இருந்தாலும், ஓர் உழைப்பாளிக் குடியிருப்பில் இத்தனை பிள்ளைகள் கோட் எழுதக் கற்றதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் பெட்டி மட்டும் இருந்தால் தொழில் வந்துவிடாது. சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கிங்ஸ்வே டெக்னிக்கல் காலேஜ். 1980களின் நடுவில் அங்கே ஓர் அமெச்சூர் கம்ப்யூட்டர் கிளப் கூடிவந்தது. பாடத்திட்டமோ சான்றிதழோ கிடையாது. வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்தவர்கள் சாயங்காலம் தங்கள் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்து, அவரவர் எழுதியதைக் காட்டி, அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் பார்த்தார்கள். டேவிட் ஜோன்ஸ், ரஸ்ஸல் கே, ஸ்டீவ் ஹாமண்ட், எல்லோரிலும் இளையவரான மைக் டெய்லி ஆகிய நால்வரும் அங்கேதான் பழக்கமானார்கள். ஜோன்ஸ் டைமெக்ஸில் தொழில் பழகுநராக இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கிடைத்த பணத்தில் ஓர் அமிகா கம்ப்யூட்டர் வாங்கினார். டண்டீ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தார். அங்கே கேமுக்கென்று ஒரு பாடமும் இல்லை. படிப்பு ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் 'மெனஸ்' என்ற கேமை எழுதினார். 1988இல் லிவர்பூலின் சிக்னோசிஸ் கம்பெனி அதை வெளியிட்டது. நண்பர்கள் சேர்ந்து நடத்திய கம்பெனிக்கு டிஎம்ஏ டிசைன் என்று பெயர்.

நான் இந்த ஊரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அது போக, பகுதிநேரமாகக் கேம் டிசைன் படிக்கிறேன். என்னோடு படிப்பவர்களில் ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் பள்ளியில் கணக்கு நடத்துகிறார், இன்னொருவர் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுத்தான் பாடத்தைத் திறக்கிறார். முழுநேரமாகப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் உண்மையான மாணவர்கள், நாங்கள் ஓரமாக ஒட்டிக்கொண்டவர்கள் என்கிற நினைப்பு எங்கள் எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. இந்த ஊரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த நினைப்பு விட்டுப்போனது. இந்தத் தொழிலை இங்கே தொடங்கியவர்கள் எல்லோரும் மிச்ச நேரத்தில் கற்றவர்கள்.

'லெமிங்ஸ்' பிறந்ததைப் பாருங்கள். 1989இல் டிஎம்ஏ டிசைனில் வேறொரு கேமுக்காகக் குட்டி மனிதர்களை எவ்வளவு சிறிதாக வரையலாம் என்று பேச்சு வந்தது. எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டத்துக்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்று மைக் டெய்லி உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு இடைவேளை நேரத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள், வரிசையாக நடந்து போய் ஒவ்வொருவராக நசுங்கிச் சாகும் மனிதர்களின் அனிமேஷன் தயார். எல்லோரும் சிரித்தார்கள். இதில் ஒரு கேம் இருக்கிறது என்று சொன்னவர் ரஸ்ஸல் கே. 1991 பிப்ரவரி 14 அன்று வெளிவந்தது.

எங்கள் வகுப்பில் அந்தக் கேமைத் துணியைப் பிரிப்பதுபோல நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தோம். மேலே ஒரு கதவு திறக்கும். குட்டி உயிர்கள் ஒவ்வொன்றாக விழும். விழுந்ததும் நடக்கும். சுவர் வந்தால் திரும்பும். ஆழமான பள்ளம் வந்தால் விழுந்து சாகும். நிற்கத் தெரியாது. ஆட்டக்காரர் அவற்றை நேரடியாக நகர்த்த முடியாது. எட்டு வேலைகளில் ஒன்றைக் கொடுக்கத்தான் முடியும். ஏறுவது, குடை விரித்து இறங்குவது, வெடிப்பது, வழிமறிப்பது, படிகட்டுவது, நேராக உடைப்பது, சாய்வாகக் குடைவது, கீழே தோண்டுவது. படிகட்டுபவருக்குப் பன்னிரண்டு கல்தான். பன்னிரண்டாவதை வைத்ததும் நம்மைப் பார்த்துத் தோளைக் குலுக்குவார். அந்த அரை விநாடிக்குள் மறுபடி வேலையைக் கொடுக்காவிட்டால் பாதிப் படியிலிருந்து நேரே நடந்து கீழே விழுவார்.

அந்தத் தோள்குலுக்கல்மேல் எனக்குத் தனிப் பிரியம். கல் தீர்ந்தது என்று எழுத்தில் எதுவும் சொல்லவில்லை, மணி அடிக்கவில்லை. சில பிக்சல்கள் மேலேறி இறங்குகின்றன, நமக்கு வயிறு கலங்குகிறது. வழிமறிப்பவரின் கதை இன்னும் கொடியது. கூட்டத்தைக் காப்பாற்ற ஒருவரை நிறுத்திவைத்தால், காலடி மண்ணைத் தோண்டினால் ஒழிய அவரை விடுவிக்க வழியில்லை. இல்லாவிட்டால் வெடிக்கவைக்க வேண்டும். ஐந்திலிருந்து எண்ணிக்கை இறங்கும். அத்தனை பேரும் தப்பித்தாக வேண்டிய லெவலில் வழிமறிப்பவரை வைக்கவே யோசிக்க வேண்டும். விதி ஒன்றுதான், லெவல் கேட்கும் எண்ணிக்கை மாறினால் அதன் பொருளே மாறிவிடுகிறது. இத்தனை வருடம் கேம் ஆடியும் கண்ணில் படாத இந்த விஷயத்தை, ஒரு சாயங்காலம் தாளில் கட்டம் போட்டு நானே ஒரு லெவல் வரையத் தொடங்கியபோது புரிந்துகொண்டேன். படிப்பு என்பதற்கு நான் கண்ட பலன் இதுதான்.

அந்தக் கேமில் 120 லெவல்கள், நான்கு கடினப் படிகளில் முப்பது முப்பதாக. கம்பெனிக்குள்ளேயே எல்லோரும் லெவல் வரைந்தார்கள், ஒருவர் வரைந்ததை இன்னொருவர் உடைக்கப் பார்த்தார். கிளப்பில் பழகிய பழக்கம் அப்படியே அலுவலகத்துக்கு வந்திருந்தது.

டைமெக்ஸ் ஆலை 1993இல் கசப்பான வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்டது. இந்த ஊரின் பல குடும்பங்களில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கேம் கம்பெனிகள் அந்த வேலைகளை ஈடுகட்டின என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்த இடத்தில் சில நூறு இளைஞர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குப் போன சம்பளம் அல்ல.

டண்டீ இன்ஸ்டிடியூட் 1994இல் அபர்டே பல்கலைக்கழகம் ஆனது. அதன் வேர் 1888இல் தொடங்கிய டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட். 1997இல் அபர்டே கம்ப்யூட்டர் கேமுக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கியது. உலகிலேயே முதல் என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. அதே ஆண்டில்தான் டிஎம்ஏ டிசைனின் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வெளிவந்தது. அந்தக் கம்பெனி பிறகு கைமாறி, எடின்பரோவுக்குப் போய், ராக்ஸ்டார் நார்த் என்று பெயரும் மாறிவிட்டது. படிப்பும் படித்தவர்களும் இங்கேயே நின்றார்கள். 2012இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு மைன்கிராஃப்டைக் கொண்டுவந்த ஃபோர்ஜே ஸ்டுடியோஸும் இந்த ஊர்க் கம்பெனிதான்.

பட்டப்படிப்பு வந்ததால் நல்லதும் நடந்தது. கிளப்பில் யார் யாருக்கு நண்பர் என்பதே நுழைவுச்சீட்டு. அந்த நால்வரும் ஆண்கள் என்பது தற்செயல் அல்ல. பட்டப்படிப்பில் கணக்கும் சித்திரமும் ஒலியும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன, யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பட்டத்தோடு கூடவே பகல்நேர அட்டவணையும் வந்தது. குழு வேலைகள் மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்கப்படுகின்றன. ஷிப்டில் இருப்பவர் குழுவில் சேர முடியாமல் தனியாக ஒரு கேமைச் செய்து முடிக்கிறார். கேமைத் தனியாகச் செய்து பழகியவர் அடுத்தவர் லெவலை உடைத்துப் பார்க்கக் கற்பதில்லை.

அதனால் நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கணக்கு வாத்தியாரின் கேமில் நான் போன வாரம் ஒரு சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை, எப்படிப் புகுந்தேன் என்று மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னார். பஸ் ஓட்டுநரின் கேமில் பயணிகள் ஏறுகிறார்கள், இறங்க மறுக்கிறார்கள். அடுத்த ஞாயிறுக்குள் அவர்களை இறக்கிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.