இரண்டே எழுத்தில் ஒரு மனிதர்

ரெஸ்யூமே தயார் செய்ய உட்கார்ந்தால் படிப்பு, அனுபவம், திறமை எல்லாத்தையும் யோசிக்கிறோம். மேலே வரப்போகிற நம்ம பெயரை எந்த எழுத்தில், எப்படி வைக்கணும்னு யோசிக்கிறவங்க குறைவு. 500 வருஷத்துக்கு முன்னால் அதை யோசித்த ஒருத்தரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போறோம்.

ஆல்பிரெக்ட் டியூரர். 1471-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் பிறந்தவர். அப்பா பொற்கொல்லர். ஞானத்தந்தை ஆன்டன் கோபெர்கர், பெரிய அச்சகம் நடத்தியவர். ஆக, முத்திரையும் அச்செழுத்தும் அவர் சின்ன வயசிலேயே பார்த்துப் பழகிய விஷயங்கள்.

தன் பெயரை அவர் இரண்டு ரோமன் எழுத்துகளாகச் சுருக்கினார். காலை அகட்டி நிற்கிற பெரிய ‘ஏ’. அந்தக் கால்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு ‘டி’. அவ்வளவுதான்.

1500-ல் தன்னையே வரைந்த ஓவியத்தில், முகத்துக்கு ஒரு பக்கம் அந்த வருஷமும் இந்த முத்திரையும். மறுபக்கம் லத்தீனில் நாலு வரி: பெயர், ஊர், தானே வரைந்தது, வயது 28. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. கிட்டத்தட்ட ஒரு ரெஸ்யூமேதான், இல்லையா? ஜெர்மன் அச்சகங்களில் முறுக்கிய கோதிக் எழுத்து கொடிகட்டிப் பறந்த காலம் அது. இவர் எடுத்தது தெளிவான ரோமன் எழுத்து. தன்னை எந்த உலகத்து ஆளாகப் பார்க்கணும்னு எழுத்தின் வடிவமே சொல்லிவிடுகிறது.

இதெல்லாம் வெறும் அலங்காரமா? இல்லைங்க, பிழைப்பு. அவருடைய அச்சுப் படங்களை இத்தாலியில் மார்க்கன்டோனியோ ரைமண்டி முத்திரையோடு சேர்த்தே நகல் எடுத்தார். டியூரர் வெனிஸில் முறையிட்டார் என்றும், படத்துக்குத் தடை கிடைக்கவில்லை, முத்திரைக்கு மட்டும் கிடைத்தது என்றும் வசாரி எழுதியிருக்கிறார். 1512-ல் நியூரம்பர்க் நகர்மன்றமும் அதே வழியில்தான் போனது. போலி முத்திரையோடு படம் விற்ற வெளியூர்க்காரரிடம், ‘முத்திரையை நீக்கு, இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல்’ என்றது.

யோசிச்சுப் பாருங்க. மாசக்கணக்கில் உழைத்துச் செதுக்கிய படத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பு, இரண்டு எழுத்துக்குக் கிடைத்திருக்கிறது.

1525-ல் அளவியல் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் ரோமன் எழுத்துகளைச் சதுரத்துக்குள் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைவது எப்படி என்று சொல்லித்தந்தார். லத்தீனில் இல்லை, கைவினைஞர்களுக்கும் புரிகிற ஜெர்மனில்.

ரெஸ்யூமேயில் நாம எழுதுகிற தகுதிகளை இன்னும் நூறு பேர் எழுதியிருப்பாங்க. பெயர் மட்டும் நம்முடையது. அதற்கு ஒரு எழுத்துரு, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம், எல்லா இடத்திலும் ஒரே வடிவம். டியூரர் செய்ததும் இவ்வளவுதான்.