குமுளியில் முட்டிக்கொண்ட 'நாடு'

கம்பத்தில் பஸ் ஏறி, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. இந்தப் பக்கம் தமிழ்நாடு... நாலு எட்டு வைத்தால் கேரளா! ஆனால், ஒருகாலத்தில் மேடைகளில் பேசப்பட்ட ஒரு தேசத்தில் இந்த செக்போஸ்ட்டுக்கே வேலை கிடையாது. அதன் பெயர், திராவிட நாடு!

ஆரம்பத்தில் கேட்டது சென்னை மாகாணத்தைத்தான். அதைத் தனி நாடாக அங்கீகரிக்கச் சொல்லி 1940-ல் திருவாரூர் மாநாட்டில் நீதிக்கட்சி தீர்மானம் போட்டது. 1942-ல் லண்டனிலிருந்து கிரிப்ஸ் வந்தபோது பெரியாரும் சிலரும் நேரிலேயே போய்க் கேட்டார்கள். மனுஷன் பிடிகொடுக்கவில்லை. பிறகு, அண்ணாவின் தி.மு.க. காலத்தில் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாரும் ஒரே நாடு என்று கோஷம் பெரிதானது.

அந்தச் சகோதரர்கள் மல்லுக்கட்டியது எங்கே தெரியுமா? இதே மலை மேலேதான்!

தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தேயிலை, ஏலத் தோட்டங்கள். உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 'எங்களைத் தமிழகத்தோடு சேருங்கள்' என்று நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1955-ல் மாநிலச் சீரமைப்பு கமிஷன், 'இவர்கள் பிழைக்க வந்தவர்கள், வருவார்கள் போவார்கள்' என்கிற ரீதியில் கணக்குப் போட்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி நம் பக்கம் வந்தது. இந்த இரண்டும் வரவில்லை.

பெரியார் சட்டென்று புரிந்துகொண்டார். மற்ற மொழிக்காரர்கள் தனியே போன பிறகு திராவிட நாடு எதற்கு? 'தமிழ்நாடு தமிழருக்கே' என்று மாறிக்கொண்டார். அண்ணா விடவில்லை. 1962 மே 1 அன்று ராஜ்யசபா கன்னிப்பேச்சிலேயே சுயநிர்ணய உரிமை கேட்டார். அக்டோபரில் சீனப் போர். மறு வருடமே 16-வது சட்டத்திருத்தம்... தேர்தலில் நிற்க வேண்டுமானால், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும். தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றார் அண்ணா.

சட்டம் வந்ததால் கைவிட்டார்கள் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், என்னைக் கேட்டால், கோஷத்தின் உயிர் பாதி குமுளியிலேயே போய்விட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலுக்குத் தண்ணீர் முல்லைப்பெரியாறிலிருந்து வருகிறது. 1886-ல் திருவிதாங்கூர் ராஜாவிடம் பிரிட்டிஷ் சர்க்கார் 8,000 ஏக்கரை 999 வருடக் குத்தகைக்கு எடுத்தது. வருட வாடகை 40,000 ரூபாய். 1895-ல் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்தார். அதை வைத்துத்தான் இன்றுவரை மதகும் மல்லுக்கட்டும்!

2011 டிசம்பரில் பள்ளத்தாக்கு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு குமுளியை நோக்கி நடந்தார்கள். வழியில் போலீஸ் மறித்தது. கேட்டது அணை உரிமை. கூடவே, தேவிகுளம், பீர்மேட்டைக் கொடு என்ற பழைய குரலும் திரும்பக் கிளம்பியது. திராவிட நாடு பற்றி யாரும் பேசவில்லை.