பூச்சித் திகில் புனைகதை: வரலாறு

பூச்சிகளைக் கருவாகக் கொண்ட திகில் கதைகள் ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் எழுதப்பட்டு வருகின்றன. பூச்சியை யானை அளவுக்குப் பெருக்கிக் காட்டிய கதைகள் ஏராளம். ஆனால் இன்றும் வாசிக்கப்படுபவற்றில் பல, பூச்சி எப்படி வாழ்கிறது, எப்படி இனம் பெருக்குகிறது என்பதை உற்றுப் பார்த்து எழுதப்பட்டவை.

தொடக்கம்

எட்கர் ஆலன் போவின் 'ஸ்பிங்ஸ்' (1846) இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. நியூயார்க்கில் காலரா பரவிய நாட்களில் ஹட்சன் ஆற்றங்கரை வீடொன்றில் தங்கியிருப்பவன், எதிரே உள்ள மலைச்சரிவில் பெருமிருகம் ஒன்று இறங்குவதைக் காண்கிறான். அதன் மார்பில் மண்டையோட்டுக் குறி இருக்கிறது. உண்மையில் அது சன்னல் அருகே, கண்ணுக்கு மிகப் பக்கத்தில், சிலந்தி இழையில் ஊர்ந்த அந்துப்பூச்சி. நண்பர் இயற்கை வரலாற்று நூலை எடுத்து வாசித்து அதை விளக்குகிறார். பேருருவம் கண்ணின் மயக்கம் என்று போ அப்போதே சொல்லிவிட்டார். 'தெம்' (1954) போன்ற திரைப்படங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கங்களில் உள்ள நுண்துளைகள் வழியாகவே மூச்சு விடுகின்றன. ஆகவே யானை அளவு எறும்புக்கு மூச்சுத் திணறும்.

1897-ல் வந்த ரிச்சர்ட் மார்ஷின் 'வண்டு' நாவலில் பூச்சி, மாயசக்தி கொண்ட ஓர் உருவத்தின் முகமூடி மட்டுமே.

வெல்ஸின் எறும்புகள்

எச்.ஜி. வெல்ஸ் இலண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். 1893-ல் உயிரியல் பாடநூலும் எழுதினார். அந்தப் பயிற்சி அவருடைய 'எறும்புகளின் பேரரசு' (1905) கதையில் தெரிகிறது. அமேசானின் கிளையாறு ஒன்றில் எறும்புகள் ஊர்களைக் கைப்பற்றுகின்றன. அவற்றை விரட்டப் பிரேசில் அரசு ஒரு போர்ப்படகை அனுப்புகிறது. எறும்புகள் அளவில் சற்றே பெரியவை, அவ்வளவுதான். அவற்றின் வலிமை ஒழுங்கிலும் நஞ்சிலும் இருக்கிறது. வேறு வழி தெரியாத படகுத் தலைவர் கடைசியில் பீரங்கியால் சுட்டுவிட்டுத் திரும்புகிறார். எறும்புகள் 1950 அல்லது 1960-க்குள் ஐரோப்பாவைக் 'கண்டுபிடித்துவிடும்' என்று கதைசொல்லி கணிக்கிறார். கொலம்பஸுக்கு வழங்கிய வினைச்சொல்லை எறும்புக்குக் கொடுத்த இந்த இடமே, என் கணிப்பில், கதையின் உச்சம். பிரிட்டிஷ் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்தில் வெளிவந்த கதை இது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கார்ல் ஸ்டீபன்சனின் 'லைனிங்கனும் எறும்புகளும்' ஆங்கிலத்தில் 1938-ல் வெளிவந்தது. பிரேசில் தோட்டக்காரர் ஒருவர் நீரையும் பெட்ரோலையும் கொண்டு படையெறும்புகளை எதிர்க்கிறார். விறுவிறுப்பான கதைதான். ஆனால் உண்மையான படையெறும்புக் கூட்டத்திடமிருந்து மெதுவாக நடப்பவர்கூட விலகிவிட முடியும்.

ஈ

ஜார்ஜ் லாங்கெலானின் 'ஈ' 1957 ஜூனில் பிளேபாய் இதழில் வெளியானது. மறு ஆண்டே திரைப்படமாயிற்று. பொருட்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் கருவியில் அறிவியலாளர் ஒருவருடன் ஓர் ஈயும் நுழைந்துவிட, உடல்கள் கலந்துவிடுகின்றன. பாரிசில் பிறந்த லாங்கெலான், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் உளவாளியாகப் பிரான்சுக்குள் அனுப்பப்பட்டவர். அடையாளம் தெரியாமலிருக்க அதற்கு முன் அவருடைய முகம் அறுவை சிகிச்சையால் மாற்றப்பட்டது. தன் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு மனைவிக்குத் தட்டச்சில் குறிப்பு எழுதும் கதாபாத்திரத்தை, இந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு வாசிப்பது கடினம்.

உடலுக்குள் புழு

சில குளவிகள் உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் அதை உள்ளிருந்தே தின்று வளரும். கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு டார்வின் எழுதினார். புழுவைப் பிடித்துக் கூட்டில் அடைக்கும் குளவியைத் தமிழ் மரபும் கவனித்திருக்கிறது. ஆனால் கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று, அதைக் குரு சீடனை மாற்றும் அருளுக்கு உவமையாக்கிவிட்டது. டார்வினைக் கலங்க வைத்த வகைக் காட்சி இங்கே ஆறுதலாயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'பிளட்சைல்ட்' (1984) இந்த வகையில் ஆகச் சிறந்தது எனலாம். தம் நாவல் வரிசைக்கான தகவல் திரட்ட அவர் பெருவின் அமேசான் காட்டுக்குப் போக இருந்தார். அங்குள்ள பாட்ஃப்ளை என்னும் ஈயை நினைத்து அஞ்சினார். இந்த ஈ தன் முட்டைகளைக் கொசு போன்ற பூச்சிகளின் மேல் ஒட்டிவிடும். கொசு கடிக்கும்போது புழு மனிதத் தோலுக்குள் நுழைந்து சில வாரங்கள் வளரும். பிதுக்கி எடுக்கக் கூடாது. புழுவின் ஒரு பகுதி உள்ளே தங்கி அழுகிச் சீழ்பிடிக்கும். பொறுத்திருந்து, ஊர் திரும்பி மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே பயணிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. அருவருப்பான ஒன்றை உடலில் வைத்துக்கொண்டே பழகும் அந்தக் காத்திருப்பைத்தான் பட்லர் கதையாக்கினார். வேற்றுலகில் அடைக்கலம் புகுந்த மனிதர்கள், பல கால்கள் கொண்ட உயிரினங்களின் முட்டைகளைத் தம் உடலில் சுமக்கிறார்கள். சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவனுக்கும் அந்த உயிரினத்துக்கும் இடையே அன்பும் இருக்கிறது. ஆண் கர்ப்பமாவதைப் பற்றிய கதை என்று பட்லரே இதைச் சொன்னார். அடிமைமுறை பற்றியது என்ற வாசிப்பை அவர் ஏற்கவில்லை. கதை ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது.