மின்சாரத்தின் மூன்று காலங்கள்

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியைத் தமிழகத்தில் கழித்தவர் எவரும் எளிதில் மறந்திருக்க இயலாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாம் விடைத்தாள் திருத்திய நாட்கள் அவை. வகுப்பறையிலும் பாடத்தைக் காட்டிலும் மின்சாரமே மிகுதியாகப் பேசப்பட்டது. கடலூர் மாவட்டத்து மாணவர் ஒருவர், கூடங்குளத்தைத் திறந்தாலன்றி இதற்கு விடிவில்லை என்றார். நெல்லைக் கடற்கரையிலிருந்து வந்து படித்த மாணவி ஒருவர் திரும்பிப் பார்த்து, "உங்கள் வயலில் இன்னொரு சுரங்கம் தோண்டினால் உங்கள் அப்பா ஒப்புவாரா?" என்று கேட்டார். அவரிடம் விடை இல்லை, நம்மிடமும் இல்லை.

நிலக்கரி, அணு, காற்று, வெயில் ஆகியவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ஓர் அலகுக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கையே முன்வைக்கின்றனர். அது வேண்டிய கணக்குத்தான். ஆயினும், தமிழகத்து மின்சாரத்தின் வரலாற்றைப் பார்த்தால், விலைப்பட்டியலில் ஏறாத வேறொரு கணக்கும் இருப்பது புலப்படுகிறது.

சென்னை மாகாணத்தில் கரி இல்லை. வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் அது இரயிலிலும் கப்பலிலும் வந்துசேர வேண்டும். ஆகவே, ஆங்கில அரசின் பொறியாளர்கள் மலைகளை நோக்கினர். நீலகிரியில் 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் பைக்காரா நீர் 1932இல் மின்சாரமாயிற்று. கோவையின் பஞ்சாலைகள் பெருகியது அதனால்தான். மேட்டூரும் பாபநாசமும் பின்தொடர்ந்தன. இன்று நாம் புதியதாகப் பேசும் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' இங்கே முதலில் வந்தது என்பது மறந்துபோன செய்தி. ஆனால் மலைநீருக்கு எல்லை உண்டு. மழை பொய்த்த ஆண்டில் ஆலையும் நின்றது.

அந்தக் குறையை நெய்வேலி தீர்த்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருளொன்றும் வெளிவந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் 1962இல் மின்சாரம் பிறந்தது. இந்தக் கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். தொலைவுக்குக் கொண்டுசென்றால் கட்டுப்படியாகாது. ஆதலால் தோண்டிய இடத்திலேயே எரிக்க வேண்டும். கரிக்குக் கீழேயோ பேரழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை தாங்காது.

கோடி ஆண்டுகளுக்கும் முன் மண்ணுள் புதைந்த காடுதான் இந்தக் கரி. சேர்ந்திருக்கும் பொருள் ஆதலால் வேண்டும்போது வேண்டிய அளவு எரிக்கலாம். இரவென்றும் பகலென்றும் பாராது. கரியின் பெருவலிமை அதுவே. அதன் கேடும் அங்கேயே இருக்கிறது. மிக மெதுவாகச் சேர்ந்ததை ஒரு தலைமுறையில் எரிக்கும்போது, அதன் கரியமிலவாயு முழுவதும் நம் காலத்து வானில் வந்து சேர்கிறது. சாம்பலுக்கும் இடம் வேண்டும். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கப்பலேறி வரும் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாக எஞ்சுவது உண்டு. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே முதன்மையாகக் கரியை இறக்குவதற்குத்தான். கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலை அங்குள்ள மீனவர்கள் அறிவர். நெய்வேலியின் முதல் நிலையம் 2020இல் மூடப்பட்டது. ஆனால் சுரங்கத்தின் பசி அடங்கவில்லை. 2023 சூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. முன்னரே கையகப்படுத்திய நிலம் என்றது நிர்வாகம். சட்டத்தின் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். நெல்லின் கணக்கு வேறு.

அணுவின் கதை கல்பாக்கத்தில் தொடங்கியது. 1974இல் பொக்ரானில் நடந்த வெடிப்புச் சோதனைக்குப் பின் கனடா உதவியை நிறுத்தியது; எனவே இந்தியப் பொறியாளர்கள் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே அந்த உலையைக் கட்டினர். 1984இல் அது முறையான உற்பத்திக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நீரேற்று நிலையத்துள் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அருகிலிருந்த நகரியத்தில் உயிர்கள் பலியாயின. உலையால் அன்று, கடலால். இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

கூடங்குளத்துக்கான உடன்பாடு, செர்னோபில் விபத்துக்கு இரண்டாண்டுகள் கழித்து, 1988இல் ராஜீவ் காந்திக்கும் கோர்பச்சேவுக்கும் இடையே ஏற்பட்டது. கையெழுத்திட்ட சோவியத் நாடே 1991இல் இல்லாமற்போயிற்று. 1998இல் உடன்பாடு புதுப்பிக்கப்பட்டு, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. உலை இயங்க அணியமான வேளையில், 2011 மார்ச்சில் புகுசிமா விபத்து நேர்ந்தது. அங்கே ஒன்றரை இலட்சம் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியதைத் தொலைக்காட்சியில் கண்ட இடிந்தகரை மக்கள் திரண்டு எழுந்தனர். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு இசைவளித்தது. அவ்வாண்டே முதல் உலை மின்சாரம் தந்தது.

1,000 மெகாவாட் உலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25 டன் எரிபொருள் போதும். அதே அளவு மின்சாரத்துக்கு நம் நாட்டுக் கரி 40 இலட்சம் டன் அளவில் வேண்டும். புகையில்லை, சாம்பல்மேடு இல்லை. ஆனால் எரிந்து முடிந்த எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். கழிவை நிலையாக வைக்க ஆழ்நிலச் சேமிப்பிடம் காணுமாறு அந்தத் தீர்ப்பே பணித்தது. இன்றைய விளக்குக்கான காவற்பணியை இன்னும் பிறவாதவர்களிடம் ஒப்படைக்கிறோம். அவர்களிடம் ஒப்புதல் கேட்கும் வழியும் நமக்கில்லை.

செர்னோபில் நிகழ்ந்த அதே 1986இல், தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழகத்தின் முதல் காற்றாலைத் தொகுதி அமைந்தது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. வரிச்சலுகையால் ஈர்க்கப்பட்ட பஞ்சாலை முதலாளிகள் 1990களில் முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டனர். இன்று தமிழகத்தில் அவற்றின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2016இல் கமுதியின் வறண்ட மண்ணில், ஏறத்தாழ 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் எழுந்தது.

காற்றும் வெயிலும் எதையும் சேர்த்து வைப்பதில்லை. எதையும் விட்டுச் செல்வதும் அரிது. வீசும்போது உண்டு, ஓய்ந்தபோது இல்லை. மே முதல் செப்டம்பர் வரை பொங்கும் காற்று தையில் அடங்கிவிடும். ஆண்டுச் சராசரி நிறுவுதிறனில் நான்கில் ஒரு பங்கை எட்டுவதும் கடினம். நாம் இருளில் கிடந்த அந்த ஆண்டுகளில், காற்று வீசிய நாட்களிலும் கொண்டுசெல்லக் கம்பிகள் போதாமல் சில காற்றாலைகளை நிறுத்தி வைத்த விந்தையும் நடந்தது. நாட்டின் பிற பகுதிகளோடு தென்னக மின்தொகுப்பு இணைந்தது 2013இன் கடைசி நாளில்தான். ஆகவே காற்றை ஒப்பிடும்போது கம்பியையும், மிகுந்ததைச் சேமிக்கும் வழியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது கீழிறக்கும் கடம்பாறை நிலையம் 1980களின் இறுதியிலேயே நம்மிடம் வந்துவிட்டது. காற்றின் குறையைத் தீர்க்க மீண்டும் மலைநீரிடமே செல்ல வேண்டியிருக்கிறது.

காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்தார். கரி இறந்தகாலத்தை எரிக்கிறது. அணு எதிர்காலத்திடம் கடன் கொள்கிறது. காற்றும் வெயிலும் நிகழ்காலத்தில் மட்டுமே வாழ்கின்றன. இவற்றுள் நிகழ்காலமே அறத்துக்கு அண்மையில் இருப்பதாக நமக்குப் படுகிறது. அதன் நிலையாமைக்கு உரிய விலையைக் கம்பிகளுக்கும் சேமிப்புக்கும் கொடுப்பது தகும் என்றே கருதுகிறோம். ஆயினும் தமிழ் வினைமுற்று காலத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை. யார் என்பதையும் விகுதியில் சொல்லிவிடுகிறது. நம் ஒப்பீட்டுப் பட்டியல்களில் விகுதி இல்லை. வளையமாதேவியின் உழவர், எண்ணூரின் மீனவர், இடிந்தகரையின் தாய், முப்பந்தலில் நிலத்தைக் கொடுத்தவர் ஆகியோரின் பெயர் அங்கே வருவதில்லை. வெளிச்சம் எல்லார்க்கும் பொதுவாகிறது; சுமை ஓர் ஊரில் தங்கிவிடுகிறது.

அம்மாணவி கேட்டது எந்த ஆற்றல் சிறந்தது என்பதன்று. யாருடைய வயலில் என்பதே. இப்போது அவ்விருவரும் எங்கோ ஆசிரியர்களாக இருக்கக்கூடும். அந்தக் கேள்வியை அவர்கள் தம் மாணவர்களிடம் கேட்பார்களாயின், பாடம் வீணாகவில்லை என்று நாம் கொள்வோம்.